ரத்தக் காட்டேரியை வேட்டையாடும் மெக்கானிக் பெண்!
அமெரிக்க நாவல் வரிசையின் 2-ம் பாகம் எப்படி?

(நமது பகுதி நேர நிருபர்)

மும்பை,

பகலில் கார் மெக்கானிக். கையில் கிரீஸ், நகக் கண்ணில் கரி. இரவில் நினைத்த மாத்திரத்தில் நரி போன்ற மிருகமாக மாறுகிறாள். அந்த உருவத்தோடு, மனித ரத்தம் குடிக்கும் காட்டேரி ஒன்றைத் தேடிப் புறப்படுகிறாள். அவள் பெயர் மெர்சி தாம்சன்.

இது விட்டலாச்சாரியா படக் கதை அல்ல. பேட்ரிசியா பிரிக்ஸ் என்ற அமெரிக்கப் பெண் எழுத்தாளர் எழுதிய "பிளட் பவுண்ட்" என்ற ஆங்கில நாவல். 2007-ம் ஆண்டு வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டில் வந்த "மூன் கால்டு" என்ற நாவலின் தொடர்ச்சி இது. 2024-ம் ஆண்டு வரை இந்த வரிசையில் 14 நாவல்கள் வந்துவிட்டன.

பிளாட்பாரப் பழைய புத்தகக் கடைகளில் இந்த வரிசை அடிக்கடி தென்படுகிறது. அட்டையைப் பார்த்ததும் நம்மவர்கள் கையை இழுத்துக்கொள்வார்கள். உடம்பெல்லாம் பச்சை குத்திய ஒரு பெண், கையில் ஸ்பேனருடன் முறைத்துக்கொண்டு நிற்பாள். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத புத்தகம் என்றே தோன்றும். உண்மையில் கதையில் வரும் மெர்சிக்கு இருப்பது ஒரே ஒரு பச்சைதான். சின்ன மிருகப் பாதச் சுவடு. மற்றதெல்லாம் ஓவியர் சேர்த்த சரக்கு. நமது மாத நாவல்களின் அட்டைக்கும் உள்ளே இருக்கும் கதைக்கும் உள்ள உறவு எப்படியோ, அப்படித்தான் அங்கேயும்.

பிழைக்க வந்தவர்களின் ஊர்

கதை நடக்கும் இடம் நியூயார்க்கும் அல்ல, லண்டனும் அல்ல. அமெரிக்காவின் வடமேற்கே வாஷிங்டன் மாநிலத்தில் கென்விக், பாஸ்கோ, ரிச்லண்ட் என்று மூன்று ஊர்கள் ஒட்டினாற்போல இருக்கின்றன. "டிரை சிட்டீஸ்", அதாவது மூன்று நகரம் என்று சேர்த்துச் சொல்வார்கள். கொலம்பியா ஆறு ஓடினாலும் மழை குறைந்த வறண்ட பூமி.

இதில் பாஸ்கோ என்பது ரெயில்வேயால் உண்டான ஊர். 1880-களில் "நார்தர்ன் பசிபிக்" ரெயில்பாதை வந்தபோது பிறந்தது. இன்றும் அங்கே சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் பெரிய யார்டு இருக்கிறது. ரெயில்வேயில் பேனா பிடிக்கிறவன் என்பதால் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ரிச்லண்ட் பக்கத்தில்தான் ஹான்போர்டு அணு உலை நிலையம் அமைந்தது. 1943-ம் ஆண்டு அங்கிருந்த சிற்றூர் மக்களையும், செவ்விந்தியப் பழங்குடியினரையும் வெளியேற்றிவிட்டு அரசாங்கம் அந்த நிலத்தை எடுத்தது. கட்டுமான வேலைக்கு நாடெங்கும் இருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். முகாமில் தங்கியவர்களின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் 50 ஆயிரத்தை நெருங்கியது. எதற்காக உழைக்கிறோம் என்பது அவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. 1945-ம் ஆண்டு நாகசாகி மீது விழுந்த அணுகுண்டுக்கான புளுட்டோனியம் அங்கே தயாரானது என்பது பிறகுதான் தெரிந்தது.

பேய்க் கதைக்கு இந்த விவரமெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் உண்டு. பாழடைந்த கோட்டை, மலை உச்சி மாளிகை என்று எழுதாமல், வேலைக்கு வந்தவர்கள் வாழும் சாதாரண ஊரில் காட்டேரியை நடமாட விட்டதுதான் இந்த ஆசிரியையின் கெட்டிக்காரத்தனம். மெர்சி குடியிருப்பது டிரெய்லர் வீட்டில். சக்கரத்தின் மேல் வைத்து இழுத்துவந்து நிறுத்திய தகர வீடு. மாதக் கடைசியில் கையைக் கடிக்கும் வரவு செலவு. பின்பக்கத்து வேலிக்கு அப்பால் பெரிய பங்களா. அதில் குடியிருப்பவன் ஓநாய் மனிதர்களின் தலைவன் ஆதம். அவன் மீது கோபம் வந்தால், அவன் ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு உடைசல் காரைத் தன் இடத்தில் நிறுத்தி வைப்பாள். கோபம் கூடினால் அந்தக் காரில் இருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றுவாள். இப்படிப்பட்ட சண்டைகளை நாம் சாலிலும் பார்க்கிறோம், ரெயில்வே குடியிருப்பிலும் பார்க்கிறோம்.

பெயரிலும் ஒரு வேடிக்கை. அவளது முழுப் பெயர் மெர்சிடிஸ். ஆனால் அவள் பழுது பார்ப்பது வோக்ஸ்வேகன் வண்டிகளை!

யாருக்கும் சொந்தமில்லாதவள்

மெர்சியின் தகப்பன் பிளாக்பீட் என்ற செவ்விந்திய இனத்தவன். காளை மாட்டின் மேல் சவாரி செய்து வித்தை காட்டுகிறவன். குழந்தை பிறப்பதற்கு முன்பே இறந்துபோனான். தாய் வெள்ளைக்காரப் பெண், சின்ன வயதுக்காரி. தொட்டிலில் கிடந்த குழந்தை ஒரு நாள் குட்டி நரியாக மாறியதைப் பார்த்தால் எந்தத் தாய்தான் திகைக்கமாட்டாள்? மிருகமாக மாறும் பிள்ளையை, மாறத் தெரிந்தவர்களே வளர்க்கட்டும் என்று மொன்டானா மாநிலத்தில் உள்ள ஓநாய் மனிதர்களிடம் ஒப்படைத்துவிடுகிறாள்.

அங்கேதான் சங்கடம். ஓநாய் மனிதர்கள் வேறு, மெர்சி வேறு. அவர்கள் உருமாறக் கால் மணி நேரம் கூட ஆகும். எலும்பெல்லாம் முறுக்கி வலிக்கும். பவுர்ணமியின் கட்டளைக்கு அடங்கவேண்டும். மெர்சி கண்ணிமைக்கும் நேரத்தில் மாறுவாள். சந்திரனுக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ஓநாய் மனிதனின் பலம் அவளுக்குக் கிடையாது. அவள் மாறுவது "கயோட்டி" என்ற, நரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்ட மிருகமாக. ஓர் ஓநாய் மனிதன் வாயைத் திறந்தால் முடிந்தது கதை. ஆகவே அவள் புத்தியால்தான் பிழைத்தாக வேண்டும்.

16 வயதில் அந்தக் கூட்டத்தை விட்டு வெளியேறுகிறாள். சரித்திரத்தில் பட்டம் வாங்குகிறாள். பிறகு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து ஸ்பேனர் பிடிக்கிறாள். முதலாளி ஜீ என்ற கிழவன் இரும்பை வசப்படுத்தத் தெரிந்த பூதம். அவனே பின்னர் அந்த ஒர்க்‌ஷாப்பை அவளுக்கு விற்கிறான். வளர்த்தவர்கள் மத்தியிலும் அவள் அந்நியம். தகப்பன் இனத்தைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. இந்த நிலைமை எப்படிப்பட்டது என்பதை, இரண்டு ஊருக்கும் நடுவே ரெயிலேறிக்கொண்டே இருக்கும் நம்மவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

அதிகாலை 3 மணிக்கு வந்த போன்

"பிளட் பவுண்ட்" நாவல் ஒரு கடனில் தொடங்குகிறது. பணக் கடன் அல்ல, நன்றிக் கடன்.

முதல் நாவலில் ஸ்டெபான் என்ற காட்டேரி மெர்சிக்கு ஓர் உதவி செய்திருந்தான். இந்த ஸ்டெபான் விசித்திரமான ஆசாமி. பல நூறு ஆண்டு வயது. ஆனால் ஓட்டுவது குழந்தைகளின் கார்ட்டூன் படத்தில் வருகிற மாதிரி வர்ணம் அடித்த பழைய வோக்ஸ்வேகன் வேன். அந்த வேனைப் பழுது பார்த்துப் பழுது பார்த்துத்தான் இருவருக்கும் சினேகம். அதிகாலை 3 மணி வாக்கில் போன் செய்து, பட்ட கடனைத் தீர்க்கச் சொல்கிறான் ஸ்டெபான்.

அந்த வட்டாரக் காட்டேரிகளுக்கு மார்சிலியா என்ற தலைவி இருக்கிறாள். வெளியூர்க் காட்டேரி எவனும் அவளது அனுமதி இல்லாமல் ஊருக்குள் நுழையக்கூடாது. அப்படி நுழைந்த ஒருவன் ஓட்டலில் தங்கியிருக்கிறான். அவனைப் பார்க்க ஸ்டெபான் போகவேண்டும். சாட்சிக்கு மெர்சி கூட வரவேண்டும். மனுஷியாக அல்ல, கழுத்துப் பட்டை மாட்டிய நாய் போல!

அந்த அறையில் நடப்பது குரூரம். அங்கு வேலை செய்யும் பெண் ஒருத்தி சித்ரவதை செய்து கொல்லப்படுகிறாள். கொன்றவன் லிட்டில்டன் என்ற புதுக் காட்டேரி. அவன் காட்டேரி மட்டுமல்ல, மந்திரவாதி. உடம்புக்குள் ஒரு பிசாசையும் குடிவைத்திருப்பவன். அவன் ஸ்டெபானின் நினைவையே மாற்றிவிடுகிறான். கொலையைத் தானே செய்ததாக ஸ்டெபான் நம்புகிறான். நடந்த உண்மை தெரிந்தவள் மெர்சி ஒருத்திதான். அந்த மந்திரம் அவளிடம் பலிக்கவில்லை.

சாட்சியின் நாற்காலி

இதற்குப் பிறகு வரும் விசாரணைதான் நாவலின் சிறந்த பகுதி என்பது என் கருத்து. மார்சிலியாவின் சபையில் ஸ்டெபான் குற்றவாளியாக நிற்கிறான். அங்கே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால் கைப்பிடியில் உள்ள முள் கையைக் குத்தி ரத்தம் எடுக்கும். பொய் பேச முடியாது. மெர்சி அதில் உட்கார்ந்து சாட்சி சொல்லவேண்டும்.

சுற்றிலும் காட்டேரிகள். ஒவ்வொருவருக்கும் அவளைக் கொல்லக் காரணம் உண்டு. மெர்சியின் இனத்தாரை "வாக்கர்" என்பார்கள். காட்டேரிகள் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு வந்த காலத்தில் அவர்களை எதிர்த்து அழித்தவர்கள் இந்த வாக்கர்கள்தானாம். காட்டேரியின் மந்திரம் அவர்கள் மீது சரியாக வேலை செய்யாது. செத்தவர்களின் ஆவி அவர்கள் கண்ணுக்குத் தெரியும். ஆவிகளை வைத்து, பகலில் காட்டேரி உறங்கும் இடத்தைத் துப்பறிந்துவிடுவார்கள். பதிலுக்குக் காட்டேரிகள் வாக்கர்களைத் தேடித் தேடிக் கொன்று தீர்த்தன. மிஞ்சியவர்களில் ஒருத்தி, தான் யார் என்பதே தெரியாமல் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். தன் இனத்தின் வரலாற்றை அவள் எதிரிகளின் வாயால் அறிந்துகொள்ளும் இந்தக் கட்டம் அருமை.

ஓட்டலில் செத்த அந்த வேலைக்காரப் பெண்ணை மெர்சி மறக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். காட்டேரிகளின் கவலை எல்லாம், விஷயம் வெளியே தெரிந்து தங்கள் இருப்பு அம்பலமாகிவிடுமோ என்பதுதான். கூலிக்கு அறை துடைக்க வந்த ஒருத்தி செத்தது அவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. மெர்சிக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. நானும் ஒரு நிருபர் என்ற முறையில் இதைக் கவனித்தேன். ஓட்டல் அறையில் ஒரு துப்புரவுப் பணியாளர் இறந்தால், நமது பத்திரிகைகளில் மூன்று வரி வரும். பெயர் கூட வராது.

தனியே போகிறாள்

பின்னர் சம்பவங்கள் வேகம் பிடிக்கின்றன. அந்தப் பிசாசு ஊரில் இருக்கும் தோஷத்தால் சாதாரண மக்களிடையே அடிதடியும் கொலையும் பெருகுகின்றன. வெயில் காலத்துப் புழுக்கத்தோடு இதையும் சேர்த்து ஆசிரியை எழுதியிருக்கும் விதத்தில் நமக்கே வியர்க்கிறது. தேடிப்போன ஸ்டெபான் திரும்பவில்லை. வாரன் என்ற ஓநாய் மனிதன் குற்றுயிராகக் கண்டெடுக்கப்படுகிறான். ஆதமும், டாக்டராக வேலை பார்க்கும் ஓநாய் மனிதன் சாமுவேலும் காணாமல் போகிறார்கள். "நீ ஒதுங்கி இரு" என்று அதுவரை தடுத்துக்கொண்டிருந்த பலசாலிகள் எல்லாம் போனபிறகு, பலமில்லாதவள் புறப்படுகிறாள். பழைய முதலாளி ஜீ, காட்டேரியைக் கொல்வதற்கான கருவிகளைத் தந்து அனுப்புகிறான்.

மெர்சி கழுத்தில் அணிவது சிலுவை அல்ல, ஆட்டுக்குட்டி உருவம். சிலுவை என்றால் அவளுக்கு ஒருவித அச்சம். ஆனாலும் அந்த ஆட்டுக்குட்டியே காட்டேரிகளைத் தடுக்கிறது. பொருளில் அல்ல, நம்பிக்கையில்தான் சக்தி என்பது ஆசிரியை வைத்திருக்கும் கணக்கு.

லிட்டில்டனின் கதி என்ன என்பதைச் சொல்லிவிட்டால் புத்தகம் வாங்குகிறவர் என்னைச் சும்மா விடமாட்டார். ஒன்று மட்டும் சொல்லலாம். லிட்டில்டன் தானாக முளைத்தவன் அல்ல. அவனைக் காட்டேரியாக்கி ஊருக்குள் விட்டவன் வேறொருவன். தலைவி மார்சிலியாவுக்கு அது தெரிந்தபிறகும் அவனைத் தண்டிக்க மனம் வரவில்லை. அவன் அவளுக்குத் தேவைப்படுகிறான். கையாள் அகப்படுவான், ஏவியவன் தப்புவான் என்ற இந்த நிலைமையை மெர்சி ஏற்றுக்கொள்ளாமல் செய்கிற காரியம்தான் கடைசி அத்தியாயங்கள். அவள் செய்தது நியாயமா? சட்டத்தைத் தன் கையில் எடுத்தவள் என்று அவள் மீது குற்றம் சொல்ல இடம் இருக்கிறது. ஆனால் அந்தக் கொலைகளை விசாரிக்க எந்தப் போலீஸ் வரும், எந்த நீதிபதி வருவார்? எனக்கு இன்னும் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை.

டைப் அடித்த மீனா

காட்டேரிக் கதைகளில் பெயர் பெற்ற நூல் பிராம் ஸ்டோக்கரின் "டிராகுலா". 1897-ம் ஆண்டு வந்தது. அதில் வேட்டைக்காரர்கள் ஆண்கள். ஆனாலும் மீனா என்ற பெண் இல்லாவிட்டால் அவர்களால் டிராகுலாவைப் பிடித்திருக்க முடியாது. அவள் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றவள். எல்லோருடைய டைரிகளையும் டைப் அடித்து, தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்தவள் அவள்தான். ரெயில்வே கால அட்டவணை அவளுக்கு மனப்பாடம். டிராகுலாவும் லேசுப்பட்டவன் அல்ல. படுத்துக்கொண்டு இங்கிலாந்தின் பிராட்ஷா ரெயில்வே கைடைப் படிக்கிறவன்! குமாஸ்தாக்கள் பெருமைப்படத்தக்க நூல் அது.

1993-ம் ஆண்டில் லாரல் ஹாமில்டன் என்ற எழுத்தாளர் அனிதா பிளேக் என்ற வேட்டைக்காரியைப் படைத்தார். 1997 முதல் 2003 வரை "பபி" என்ற டெலிவிஷன் தொடர் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. பள்ளிக்கூட மாணவி காட்டேரிகளைக் கொல்லும் கதை. அதன்பின் வேட்டைக்காரிகள் வரிசையாகக் கிளம்பினார்கள். பெரும்பாலோர் கத்தி, துப்பாக்கி, தோல் உடுப்புக்காரிகள். மெர்சி மட்டும் ஓவரால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள். அதனால்தான் மற்றவர்களை விட அவளை நம்பத் தோன்றுகிறது.

குர்லா பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். காட்டேரி, பிசாசு எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. அந்தப் பொண்ணுக்கு கஸ்டமரு ஒழுங்கா துட்டு கொடுக்கானா?" என்று கேட்டார்.

"இழுபறிதான் அண்ணாச்சி. சில பேரு துட்டுக்குப் பதிலா வேற உதவி செய்து கழிச்சிக்கிடுறாங்க."

"அப்போ அது நிஜமான ஒர்க்‌ஷாப்தான்" என்றார் அண்ணாச்சி.

குறைகளும் உண்டு

இரண்டாம் பாகம் என்றாலே பயந்துதான் தொடவேண்டியிருக்கிறது. முதல் பாகத்தில் தீர்ந்துபோன சரக்கை நீட்டி முழக்குவார்கள். இங்கே அப்படி இல்லை. முதல் நாவல், பக்கத்து வீட்டுப் பெண் கடத்தப்பட்ட கதை. புதிய உலகத்தை அறிமுகம் செய்யவே அதில் பாதிப் பக்கம் போயிற்று. இரண்டாவதில் அந்தச் சுமை இல்லை. முன்பு போகிற போக்கில் சொன்ன ஓர் உதவியை எடுத்து முழுக் கதையாக வளர்த்திருக்கிறார்.

ஆனால் நடுவில் வண்டி சிக்னலில் நின்றுவிடுகிறது. மெர்சியை ஆதமும் விரும்புகிறான், சாமுவேலும் விரும்புகிறான். இரண்டு பேரும் மாறி மாறி உறுமுவதைப் பக்கம் பக்கமாகப் படிக்கச் சலிப்பாக இருக்கிறது. ஊர் பிசாசால் பற்றி எரிகிறபோது இதுவா முக்கியம்? மேலும், தைரியசாலியான கதாநாயகியைச் சுற்றி எப்போதும் காவலுக்கு ஆண்கள் நிற்கிறார்கள். மனம் விட்டுப் பேச ஒரு சிநேகிதி கூட அவளுக்குச் சரியாக அமையவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மெர்சியின் சக்தி தகப்பனின் செவ்விந்திய ரத்தத்தில் இருந்து வருவது. ஆனால் முதல் இரண்டு நாவல்களிலும் அந்த மக்கள் கண்ணில் படுவதே அரிது. அவர்களது பழங்கதை வேண்டும், அவர்கள் வேண்டாம் என்றால் எப்படி? அவள் வேறிடத்தில் வளர்ந்தவள், ஆகவே அவளுக்கே தெரியாது என்று ஆசிரியை சமாதானம் சொல்லலாம். 2011-ம் ஆண்டு வந்த 6-வது நாவலான "ரிவர் மார்க்டு" கதையில்தான் தகப்பன் யார் என்ற கேள்விக்குப் பதில் வருகிறது. ஐந்து புத்தகம் காத்திருக்க வைத்தது அதிகம்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு

எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்ற என்னைப் போன்றவர்களும் இந்த நாவலை அகராதி இல்லாமல் முக்கால்வாசி படித்துவிடலாம். "நான்" என்று மெர்சியே கதை சொல்கிறாள். வாக்கியங்கள் சிறியவை. கல்யாணில் இருந்து சி.எஸ்.எம்.டி. வரை ஸ்லோ லோக்கலில், உட்கார இடம் கிடைத்த நாட்களில் மட்டும் படித்து, 11 நாளில் முடித்தேன். ஆங்கிலம் பழகவேண்டும் என்று தலையங்கங்களை எழுத்துக்கூட்டிப் படித்துக் கைவிட்டவர்கள் இதை முயன்று பார்க்கலாம். அடுத்து என்ன ஆகுமோ என்ற பயம் இருந்தால் தெரியாத வார்த்தையும் தானாகப் புரியும்.

"மூன் கால்டு" படித்துவிட்டு இதைத் தொடுவது நல்லது. இதிலேயே தொடங்கினாலும் பாதகமில்லை. பழைய சங்கதிகளை ஆசிரியை அங்கங்கே நினைவூட்டுகிறார்.

ஆனால் வளர்ந்த பிள்ளைகளிடம் வரிசை முழுவதையும் வாங்கிக் கொடுக்கும் முன்பு ஒரு விஷயம். 2008-ல் வந்த 3-வது நாவலான "அயர்ன் கிஸ்ட்" கதையின் முடிவில் மெர்சி பலாத்காரத்துக்கு ஆளாகிறாள். ஆசிரியை அதைக் கவர்ச்சிக்காக எழுதவில்லை. அதன்பிறகு அவள் படும் பாட்டையும், நள்ளிரவில் விழித்து நடுங்குவதையும் அடுத்த நாவலிலும் பொறுப்போடு தொடர்கிறார். இருந்தாலும் பெரியவர்கள் முதலில் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும்.

2009-ல் வந்த 4-வது நாவல் "போன் கிராஸ்டு". மெர்சி இரண்டாம் பாகத்தில் செய்த காரியத்துக்கு மார்சிலியா கணக்குக் கேட்க வருவது அதில்தான்.